எச்சரிக்கை: காரில் தண்ணீர் ஒழுகுவதைச் சரிசெய்கிறோம் என்றவர்களிடம் 38,500 ரூபாய் விட்டேன்

இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபாய். "அதெல்லாம் திருப்பித் தர மாட்டோம் சார்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். பெயரைப் போட்டால் கேஸ் போடுவோம் என்றும் ஒரு மிரட்டல். சரி, பெயர் வேண்டாம். பாலிஷ், கோட்டிங், சீட் கவர் என்று போர்டு வைத்து, கண்ணாடிக் கதவும் ஏசியும் வெள்ளை லைட்டுமாகப் புதுச்சேரியில் முளைத்திருக்கும் கார் கடைகளில் ஒன்று. ஒழுகும் இடத்தை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கல்யாண போட்டோகிராபர். ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் ஓரத்தில் ஜோடியை நிறுத்திப் படம் எடுக்க, பட்டனை அழுத்தினால் துணிக்கூரை பின்னால் மடங்குமே, அந்த மாதிரி ஒரு காரை மூன்றாவது கையாக வாங்கினேன். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். அந்த வேப்பமரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை பிடித்த நாலாம் நாள் காலை வண்டியில் ஏறிக் காலை வைத்தேன், மேட் சளக் என்றது. கையை விட்டுப் பார்த்தால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு முழுக்கத் தண்ணீர். பின்சீட்டுக்குக் கீழே இன்னும் ஆழம். ஊறின சாக்கு நாற்றம்.

இன்ஸ்டாவில் அந்தக் கடையின் வீடியோ கண்ணில் பட்டது. போனேன். ஃபில்டர் காபி வந்தது. இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், என்னமாய்ப் பேசினான்! முகப்பவுடர் டப்பாவை எடுத்து, கதவு ரப்பர் பீடிங் முழுக்கத் தூவி, கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தான். எதிர்ப்பக்கம் கதவில் வெள்ளைக் கோடு பதிந்திருந்தது. மேல் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கோடு இல்லை.

"பாத்தீங்களாண்ணே? இங்க ரப்பர் உக்காரவே இல்ல. கம்பெனி சர்வீஸ்ல இத சொல்லவே மாட்டாங்க."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கண்ணால் பார்த்தேனே! இப்போது யோசித்தால் அந்தச் சோதனையில் தப்பே இல்லை, ரப்பர் ஒட்டாத இடம் அப்படித்தான் தெரியும். ஆனால் அவன் காட்டியது முன்கதவு மூலை, தண்ணீர் ஆழமாகக் கிடந்தது பின்சீட்டுக்கு அடியில். ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பீடிங் 14,000. கூரைத் துணிக்கு ஏதோ வெளிநாட்டு கோட்டிங் 16,500. கூலி 8,000. ஆக 38,500. ஒரு வருஷ வாரன்டி என்று வாயால் சொன்னான். அட்வான்ஸ் 20,000 அங்கேயே ஜீபே செய்தேன், மீதி 18,500 வண்டி எடுக்கும்போது. அன்றைக்கு ஒரு பக்கெட் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றிக் காட்டினார்கள். முத்து முத்தாக உருண்டு ஓடியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அந்த வீடியோ இன்னும் போனில் இருக்கிறது, பார்த்தால் வயிறு எரிகிறது.

ஒன்பதாம் நாள் ராத்திரி மழை. விடிந்து பார்த்தால் முன்பைவிட அதிகம். பின்னால் குளம். ஏர்பேக் லைட் வேறு எரிகிறது, சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர் கனெக்டரில் பச்சை பூத்துவிட்டது.

போன் செய்தேன். "மழை விட்டதும் கொண்டு வாங்கண்ணே, ஈரத்துல பாக்க முடியாது." ஒழுகுவதை மழையில் பார்க்காமல் வெயிலிலா பார்ப்பது? வெயில் வந்தது, போனேன். "ஓனர் சென்னை போயிருக்காரு." அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஆறு படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆனால் அதே நம்பரிலிருந்து மறுநாள், "உங்கள் அனுபவத்தை ஐந்து நட்சத்திரத்தில் பகிருங்கள்" என்று மெசேஜ் வருகிறது!

ஓனர் கடைசியில் கிடைத்தார். அண்ணே போய் சார் ஆகிவிட்டேன். "சார், இது பெஞ்சல் புயல்ல முழுகின வண்டி. எங்க வேலைல குறை இல்ல." 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி மிதந்தது உண்மை. அன்றைக்கு என் கார் நெய்வேலியில் மாமனார் வீட்டு ஷெட்டில் நின்றது. சொன்னேன். "அது உங்களுக்குத்தான் சார் தெரியும்" என்றார். பில்லைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில், வாரன்டி கோட்டிங்குக்கு மட்டும்.

விஷயம் என்ன என்று கண்டுபிடித்தது அரியாங்குப்பம் பக்கம் ஒரு பழைய டிங்கர் பெரியவர். காரைச் சுற்றிக்கூட வரவில்லை. கூரையைப் பாதி மடக்கச் சொன்னார், கூரை போய் உட்காரும் பள்ளத்தின் ஓரத்துக் கால்வாயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சொட்டுகூட விழவில்லை. "எங்க தம்பி போச்சு தண்ணி?" என்றார்.

இந்த மாதிரி காரில் கூரைத் துணியின் விளிம்பில் வழியும் தண்ணீரைப் பிடித்துக் கீழே விட இரண்டு பக்கமும் ரப்பர் டியூப் உண்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். கொஞ்சம் தண்ணீர் அங்கே வரும் என்று தெரிந்தே கம்பெனி வைத்தது. அது அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி உள்ளே வழியும். என் வண்டியில் வேப்பிலை பாதி அடைத்திருந்தது. மீதியை அந்தக் கடைப் புண்ணியவான்கள் அடைத்துவிட்டார்கள். ஒழுகும் ஓட்டை என்று நினைத்து டியூப் வாயிலேயே சிலிக்கானை அப்பியிருக்கிறார்கள்!

பெரியவர் தடி தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு விட்டு எடுத்தார். முதலில் ரப்பர் மாதிரி வெள்ளைக் கட்டி ஒன்று. அப்புறம் கறுத்துப்போன வேப்ப ஈர்க்கு, மக்கின இலை, சேறு, ஒரு சுருட்டளவு. கடைசியில் பொளக் என்று ஒரு சத்தம், வண்டிக்கு அடியில் தண்ணீர் பைப் திறந்த மாதிரி கொட்டியது. கூலி 600 ரூபாய், அதுவும் நான் வற்புறுத்தி. அங்கே 38,500, இங்கே 600.

அந்தச் சிலிக்கான் கட்டியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டுதான் இன்றைக்குக் கடைக்குப் போனேன். ஓனர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இது எங்க மெட்டீரியலே இல்ல சார்." அன்றைக்குப் பவுடர் தூவிக் காட்டிய பையன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். 38,500 ரூபாயை விடுவதாக இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, கார்பெட்டும் பஞ்சும் மாடியில் காய்கின்றன, அதனால் வேகமாக. முதலில் டியூப்பில் தண்ணீர் ஊற்றிக் கீழே விழுகிறதா பாருங்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள், டியூப் உள்ளே கழன்றுவிடும். ஹோஸ் பிடித்துப் பார்ப்பதானால் கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடமாக, உள்ளே ஒருவர் டார்ச்சோடு. கண்ணாடிக்கு ஃபிரேம் இல்லாத கதவென்றால் சாத்தியதும் கண்ணாடி கொஞ்சம் மேலே ஏறி ரப்பரில் உட்காருகிறதா கவனியுங்கள். நல்ல வெயிலிலும் முன்னால் ஈரம் என்றால் அது ஏசித் தண்ணீராக இருக்கலாம். எங்கே ஒழுகுகிறது என்று காட்டாதவனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாரன்டியை பில்லின் முன்பக்கம் எழுதி வாங்குங்கள். டியூப் வாயில் யாரையும் சிலிக்கான் வைக்க விடாதீர்கள்.

தூறல் விழுந்துவிட்டது. மாடிக்குப் போகிறேன்.