செய்தியோடை: 2009-லிருந்து இன்றுவரை

2009-லிருந்து நான் தளங்களைத் தொடர்வது செய்தியோடை (ஆர்எஸ்எஸ்) வழியாகத்தான். ஒரு தளத்தில் புதிதாக வந்த பதிவுகளை, நாம் அங்கே போகாமலே ஒரு செயலி எடுத்துவந்து காட்டுவதற்கான வழி அது. அப்போது ஓடைகளைப் படித்தது கூகுள் ரீடரில். 2013 ஜூலை 1-ஆம் தேதியோடு அது நின்றபோது, என் தளப் பட்டியல் முழுவதையும் ஓபிஎம்எல் என்கிற ஒரு சின்னக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நான்கு செயலிகள் மாறிவிட்டேன். பட்டியல் அதேதான். இப்போது போனில் ஃபீடர், லேப்டாப்பில் தண்டர்பேர்ட். இரண்டும் இலவசம், ஓடைகளைப் படிக்கக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. போனில் படித்தது லேப்டாப்பில் படிக்காததாகவே நிற்கும், அது பழகிவிட்டது.

ஆரம்பத்தில் செய்த தப்பு, செய்தித் தளங்களையெல்லாம் சேர்த்தது. காலையில் திறந்தால் முந்நூறு தலைப்பு நிற்கும், பார்த்ததுமே மூடத் தோன்றும். ஒருநாள் உட்கார்ந்து அத்தனையையும் நீக்கினேன். தினமும் ஐம்பது செய்தி போடும் தளத்துக்கு நாமே போய்விட்டு வரலாம். எப்போதாவது எழுதுகிறவர்களுக்குத்தான் ஓடை வேண்டும்.

கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் ஒருவரின் வலைப்பூ என் பட்டியலில் உண்டு. நான்கு வருடமாக அதில் ஒரு வரி வரவில்லை. போன மார்கழியில் ஒரு காலை, காபியைக் கையில் வைத்துக்கொண்டே போனைத் திறந்தேன். அந்தத் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘1’. ஏரி மதகில் கிடைத்த ஒரு கல்வெட்டைப் பற்றி, வரிக்கு வரி வாசித்துப் பொருள் சொல்லும் நீண்ட கட்டுரை. அவர் முகநூலில் இல்லை. நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் எதிலும் அது வரவில்லை. ஓடை இல்லையென்றால் அவர் மறுபடி எழுதியதே எனக்குத் தெரிந்திருக்காது. காபி ஆறிப்போனது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஓடையில் பொதுவாகக் கடைசிப் பதிவுகள் சில மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடத்தும் தளமென்றால் வழக்கமாகப் பத்து. ஒருமுறை போன் மூன்று வாரம் ரிப்பேரில் இருந்தது. தினமும் இரண்டு மூன்று பதிவு போடும் ஒரு தளத்தில் நடுவே வந்தவையெல்லாம் போனுக்கு வராமலே போயின. மாதம் ஒன்று எழுதுகிறவர்களுடையது ஒன்றும் தவறவில்லை.

ஓடை முகவரியைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும் தள முகவரியைக் கொடுத்தாலே செயலி கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால், வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை இருக்கிறது. நான் தொடரும் நான்கைந்து சேனல்கள் அப்படித்தான் வருகின்றன, பரிந்துரைகளின் தொல்லை இல்லாமல்.

தளம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிலர் ஓடையில் இரண்டு வரியை மட்டும் விட்டு, மீதியைப் படிக்கத் தளத்துக்கு வரச் சொல்கிறார்கள். பேருந்தில் சிக்னல் இல்லாத இடத்தில் அந்த இரண்டு வரியோடு நின்றுவிட வேண்டியதுதான். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போனால் சுருக்கமா, முழுக் கட்டுரையா என்று கேட்கும். முழுக் கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள்.