'ரியல் ஏல், குடும்ப உணவு' என்ற பலகையை நம்பிச் சென்றோம்: தேம்ஸ் கரைப் பப் ஒன்றில் எங்களுக்கு நேர்ந்தது

தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஒரு பப்பில், சென்ற ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாகக் கோடைக்காலத்தில் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து வெளியே அழைத்துச் செல்பவர்கள், இதை அறிந்திருக்க வேண்டும். பப்பின் பெயரை நான் குறிப்பிடவில்லை. புகார் உரிய இடத்தில் இருக்கும்போது பெயரைப் பொதுவில் சொல்வது முறையன்று என்று கருதுகிறேன்.

நாங்கள் ரெடிங்கில் 14 ஆண்டுகளாக வசிக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து அம்மா மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், இந்த நாட்டில் அவருக்கு எதைக் காட்டினாலும் ஆற்றைக் காட்டியது போல ஆகாது. டெடிங்டன் வரையிலான தேம்ஸில், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் 45 லாக்குகள் இருக்கின்றன. கதவை அடைத்து, தண்ணீரை நிரப்பி, படகை மேல்மட்டத்துக்கு ஏற்றி அனுப்பும் அந்த வேலையை அம்மா அன்று காலை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் அந்தப் பப் இருந்தது. வாசலில் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் 'ரியல் ஏல், குடும்ப உணவு, சைவம் உண்டு' என்று எழுதியிருந்தார்கள். ஆற்றைப் பார்த்த புல்வெளி, மர மேசைகள், ஒன்பது வயது மகன் ஓடியாட இடம். வேறு எதையும் யோசிக்காமல் உள்ளே சென்றோம்.

பப்புக்குப் புதியவன் அல்லன் நான். ஏல் என்னும் பீர் வகையைக் குடிக்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரியல் ஏல் என்றால் என்ன, அதை எப்படிப் பேண வேண்டும் என்பதையெல்லாம் அவரிடம்தான் கற்றேன். காம்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நுகர்வோர் இயக்கம் 1971இல் தொடங்கப்பட்டது. பெரிய ஆலைகள் ஈஸ்ட்டை வடிகட்டி நீக்கி, சூடேற்றி, வாயு ஏற்றிய பீரையே எங்கும் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. விற்கும் பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து, அங்கேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து கரியமில வாயு செலுத்தப்படாமல் ஊற்றப்படுவதுதான் ரியல் ஏல் என்று அந்த இயக்கம் வரையறுத்தது. உயிருள்ள பொருள் என்பதால் அதற்குக் கவனிப்புத் தேவை. நிலவறை 11 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்திருக்க வேண்டும். பீப்பாய் அசையாமல் கிடந்து வண்டல் அடியில் படிய வேண்டும். திறந்த பிறகு காற்று உள்ளே போவதால் சுமார் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஃபர்கின் என்று சொல்லப்படும் சாதாரணப் பீப்பாயில் 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) இருக்கும். அவ்வளவை மூன்று நாளில் விற்க முடியாத பப், ஒரே நேரத்தில் நான்கு பீப்பாய்களைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை, பனையிலிருந்து இறக்கிய கள் மறுநாள் என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கே கவுண்டரில், பீப்பாயிலிருந்து பீரை இழுத்து ஊற்றும் நான்கு கைப்பம்புகள் இருந்தன. நண்பகல் 12 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போன முதல் ஆட்கள் நாங்கள். இரவு முழுவதும் குழாயில் தங்கிய பீரை முதலில் இழுத்துக் கொட்டிவிட்டுத்தான் வாடிக்கையாளருக்கு ஊற்ற வேண்டும். எங்கள் கண் முன்னால் அது நடக்கவில்லை. அதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மிடறு சுவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படிக் கொடுப்பதில்லை என்றார் கவுண்டரில் இருந்த இளைஞர். நல்ல பப்புகளில் சிறு கண்ணாடிக் குவளையில் கேட்காமலேயே ஊற்றிக் கொடுப்பார்கள். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

6 பவுண்டு 20 பென்ஸ் கொடுத்து வாங்கிய பைண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். தேன் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய ஏல், அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. நுரை கண்ணாடியில் ஒட்டவே இல்லை. மூக்கருகே கொண்டு சென்றபோது, ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல வினிகர் நெடி அடித்தது. ஒரு வாய் குடித்ததும் நாக்கின் இரு ஓரங்களிலும் புளிப்பு ஏறியது. கலங்கல் மட்டும் இருந்தால் அதைக் குறையாகச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சில ஆலைகள் வேண்டுமென்றே தெளிய வைக்காமல் அனுப்புகின்றன. வினிகர் நெடி அப்படியன்று. காற்றுப் பட்டு, கெட்ட நுண்ணுயிர் சேர்ந்து, பீர் காடியாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது உறுதியான அடையாளம்.

கவுண்டருக்குத் திரும்பி, இது கெட்டுவிட்டது, தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள் என்று அமைதியாகக் கேட்டேன். பொதுவாக இங்கே இதற்கு விவாதமே கிடையாது. வாங்கி ஒரு முறை முகர்ந்து பார்ப்பார்கள். மன்னிப்புக் கேட்டு வேறு ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பீர் இப்போது விற்பனைக்கு இல்லை என்று காட்ட, பம்பில் மாட்டியிருக்கும் பெயர் அட்டையைத் திருப்பி வைப்பார்கள். இவரோ முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரியல் ஏல் என்றால் இப்படித்தான் இருக்கும். உங்களுக்குப் பழக்கம் இருக்காது. லாகர் குடித்துப் பாருங்களேன்" என்று, எங்கும் கிடைக்கும் வெளிர்நிறக் குளிர் பீரைக் காட்டினார். என்னைவிட இருபது வயது இளையவர், என் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எது பழக்கம், எது பழக்கமில்லை என்று முடிவு செய்துவிட்டார். பீர் புளித்ததைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. கவுண்டரின் கடைசியில் அமர்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பாட்டில் பீர் குடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. மகனுக்குப் பசி, அம்மா புல்வெளியில் காத்திருக்கிறார், எதற்கு வம்பு என்று, குவளையை அங்கேயே வைத்துவிட்டு வேறொரு பைண்டுக்கு மறுபடியும் காசு கொடுத்தேன். அங்கே நான் விட்டுக்கொடுத்தது தவறு என்பதை அடுத்த ஒரு மணி நேரம் காட்டியது.

அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடாதவர். உணவுக்குச் சொல்லும்போது என் மனைவி அதைத் தெளிவாகச் சொன்னாள். நட் ரோஸ்ட் என்னும் கொட்டைப் பருப்புப் பண்டத்தில் முட்டை இருக்கிறதா, கிரேவி எதில் செய்தது, உருளைக்கிழங்கு எந்த எண்ணெயில் வறுத்தது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டாள். பரிமாறிய பெண், "எல்லாம் சைவம்தான், கவலை வேண்டாம்" என்றார். சமையலறையில் ஒரு முறை கேட்டுச் சொல்ல முடியுமா என்றதற்கு உள்ளே போய், அரை நிமிடத்தில் திரும்பி வந்து, கேட்டுவிட்டேன் என்றார். தட்டு வந்தது. கேரட், பச்சைப் பட்டாணி, நட் ரோஸ்ட், பொன்னிறத்தில் மொறுமொறுப்பான நான்கு உருளைக்கிழங்குத் துண்டுகள். அம்மாவுக்கு உருளைக்கிழங்குதான் பிடித்திருந்தது. இரண்டு துண்டுகளைச் சாப்பிட்டு, நன்றாக வறுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

மகனுக்குத் தண்ணீர் கேட்பதற்காக உள்ளே போன மனைவி முகம் மாறித் திரும்பி வந்தாள். தட்டுகளை எடுத்து வைக்கும் திறப்பு வழியாகச் சமையலறை தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு பெரிய தட்டிலிருந்துதான் எல்லாருக்கும் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டிறைச்சி ரோஸ்ட் கேட்டவருக்கும் அதுவே, எங்களுக்கும் அதுவே. சமையல்காரரிடமே நேராகக் கேட்டிருக்கிறாள். அவர் எதையும் மறைக்கவில்லை. "மாட்டுக் கொழுப்பில்தான், அதில் வறுத்தால்தான் இந்த மொறுமொறுப்பு வரும்" என்று பெருமையாகவே சொன்னாராம். அவரிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை என்பதும் அப்போது தெரிந்தது.

அம்மாவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மனைவி கூடாது என்றாள். சொன்னோம். அம்மா முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். பிறகு ஆற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்தார். அன்று இரவு எதுவும் சாப்பிடவில்லை. "தெரியாமத்தானய்யா சாப்பிட்டேன், விடு" என்று என்னைத்தான் தேற்றினார்.

மேலாளர் வந்தார். ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். இந்த இடத்தை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். உணவகங்கள் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. பால், முட்டை, மீன், வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு; மாட்டிறைச்சியோ மாட்டுக் கொழுப்போ அதில் இல்லை. எனவே "ஒவ்வாமை ஏதும் உண்டா" என்று அவர்கள் கேட்பதும், நாம் இல்லை என்பதும், அவர்கள் நீட்டும் அட்டவணையைப் புரட்டுவதும் சைவ உணவுக்காரருக்குப் பாதுகாப்பு ஆகாது. உருளைக்கிழங்கு, சிப்ஸ், யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் மாவுப் பண்டம், கிரேவி ஆகிய நான்கிலும் எந்தக் கொழுப்பு, எந்தச் சாறு என்று சமையல்காரர் வாயாலேயே கேளுங்கள். சிப்ஸை மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பீர் குடிக்கும் சைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க, மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்னும் பொருளைப் பல ஆலைகள் பயன்படுத்துகின்றன. மீன் ஒவ்வாமைப் பட்டியலில் இருந்தாலும், பீரையும் ஒயினையும் தெளிய வைக்க இதைச் சேர்ப்பதற்கு விதிவிலக்கு உண்டு என்பதால் அதை அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை. விலங்குப் பொருள் எதுவும் சேராதது என்னும் பொருளில் 'வீகன்' என்று குறிக்கப்பட்ட ஏலைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

உணவுக்கான பில்லில் அம்மாவின் தட்டும் இருந்தது. மேலே பன்னிரண்டரை விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அது விருப்பக் கட்டணம் என்பதை அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். அம்மாவின் தட்டுக்கான 19 பவுண்டை மட்டும் நீக்க மறுத்தார்கள். பாதிக்கு மேல் சாப்பிட்டாகிவிட்டதாம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும், விற்பவர் சொன்ன விவரத்துக்கு ஏற்பவும் இருக்க வேண்டும். சைவம் என்று சொல்லி மாட்டுக் கொழுப்பைக் கொடுத்தது இந்த இரண்டாவது விதியை மீறியது என்று சொல்லிப் பார்த்தேன். பலனில்லை. ரசீதையும், தட்டையும், வாசல் பலகையையும் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஒன்பதாம் நாள் தபாலில் 100 பவுண்டு வாகன நிறுத்தக் கட்டணம் வந்தது. கார் எண்ணைக் கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த திரையில் பதிய வேண்டுமாம், எவரும் சொல்லவில்லை. ரசீதை இணைத்து மேல்முறையீடு செய்ததும் ரத்து செய்தார்கள். ஆற்றங்கரைப் பப்புகளில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் அந்தத் திரையைத் தேடுங்கள்.

இங்கே, வணிகர்கள் நுகர்வோர் சட்டங்களை மீறுவதை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்தை நேரே அணுக முடியாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவித் தொலைபேசி வழியாகத்தான் புகார் அங்கே போய்ச் சேரும். பேசியவர் பொறுமையாகக் கேட்டார். உணவைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படும்படி விவரித்து விற்பது, 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் இதைப் பதிவு செய்வதாகச் சொல்லி ஒரு குறிப்பு எண் கொடுத்தார். நாள், நேரம், யார் என்ன சொன்னார் என்பதை அன்று இரவே எழுதி வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது.

பப்புக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பீரைப் பற்றியும் மாட்டுக் கொழுப்பைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தையும் இல்லை. "உங்கள் எதிர்பார்ப்பு நிறைவேறாததற்கு வருந்துகிறோம்" என்று எழுதி, அடுத்த முறை குடும்பத்தோடு வந்து சாப்பிடுவதற்கு 20 பவுண்டு வவுச்சர் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். அம்மா ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அது வந்தது. அன்றே அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.