டிடிஎச்சில் பேய்ப்படம்: ஏழு வருட அனுபவம்

போன வாரம் எங்கள் வீட்டு டிவியில் பேக்லைட் போய்விட்டது. சத்தம் வரும், படம் வராது. மெக்கானிக் வந்து பேனலைப் பிரித்து எல்.இ.டி. பட்டைகளை மாற்றினார். மாட்டி முடித்ததும், "இருட்டான சீன் இருக்கிற படம் ஏதாவது போடுங்க சார், அதுலதான் எங்கயாவது வெளிச்சம் கசியுதான்னு தெரியும்" என்றார். டிடிஎச் பெட்டியில் பதிந்து வைத்திருந்த பேய்ப்படம் ஒன்றைப் போட்டேன். நடைபாதை முழுக்க இருட்டு. ஆனால் கறுப்பாக இருக்க வேண்டிய சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நெளிந்தது. பேனலும் போச்சா என்று பதறிவிட்டேன். அவர் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, ராத்திரியில் எடுத்த வீடியோ ஒன்றை ஓட்டினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "டிவியில ஒண்ணும் இல்ல சார். சேனல்ல வர்றதே அப்படித்தான்" என்றார்.

அன்று சாயங்காலமே நண்பன் போன் செய்தான். "நீதான் பேய்ப்படமா பார்க்கிறவன். டிடிஎச்ச வச்சுக்கவா, எடுத்துட்டு ஓடிடி மட்டும் போதுமா?" போனில் இரண்டு நிமிடத்தில் ஏதோ சொன்னேன். மனதில் இருந்தது முழுவதும் இங்கே.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை. ரிமோட் மட்டும் இரண்டு தடவை மாற்றினேன். பெருமழையில் சிக்னல் போகும், அரை மணி நேரத்தில் வந்துவிடும். மாதச் செலவும் கட்டுப்படியாகிறது. என் கோபம் எல்லாம் அதன் வழியாக வந்து சேரும் படத்தின் மேல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போட்ட படத்தைச் சொல்கிறேன். தியேட்டரில் முதல் வாரமே பார்த்த படம். கதாநாயகி முகம் கழுவக் குனிகிறாள், நிமிர்கிறாள், கண்ணாடியில் ஒன்றுமில்லை. மறுபடி குனிகிறாள், நிமிர்கிறாள், ஒன்றுமில்லை. குழாய் மட்டும் சொட்டுகிறது. மூன்றாவது தடவை குனியும்போது தியேட்டரில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. டிவியில் அவள் ஒரே ஒரு தடவை குனிந்தாள், நிமிர்ந்ததும் அலறினாள். பதிவை மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் ஓடிடியில் அதே காட்சியைப் போனில் போட்டு நேரம் பார்த்தேன். 41 விநாடி இருந்தது 9 விநாடியாகியிருந்தது. போனதில் ரத்தம் இல்லை, கத்தி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒரு பெண் முகம் கழுவுகிறாள், அவ்வளவுதான். பேய்ப்படத்தில் பயம் இருப்பது அந்தக் காத்திருப்பில்தான். அலறல் வரும்போது பயம் பாதி இறங்கிவிடுகிறது. இவர்கள் அலறலை விட்டுவிட்டுக் காத்திருப்பை வெட்டுகிறார்கள்.

டிவிக்கு வரும் படத்தின் மேல் இரண்டு கத்தரி விழுகிறது. ஒன்று சட்டத்தின் கத்தரி. பெரியவர்களுக்கு மட்டும் என்று 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, தணிக்கை வாரியத்திடம் மறுபடி காட்டி, டிவிக்கென்று சான்றிதழ் வாங்க வேண்டும். இன்னொன்று விளம்பரத்துக்கான கத்தரி. மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போட விதி இடம் தருகிறது. படமும் விளம்பரமும் சேர்ந்து குறித்த நேரத்துக்குள் அடங்க வேண்டுமென்றால், முதலில் பலியாவது 'ஒன்றுமே நடக்காத' காட்சிதான்.

இது போதாதென்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் உடனே கீழே வெள்ளை எழுத்தில் புகையிலை எச்சரிக்கை. அந்தக் காட்சியில் அதிக வெளிச்சம் அந்த எழுத்தில்தான் இருக்கும், கண் அங்கேதான் போகும். 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடிக்கும் அந்த விதி வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் டிவியை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

சான்றிதழே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். என் அக்கா மகள் எட்டு வயதில் எங்கள் வீட்டில் தெரியாமல் பத்து நிமிடம் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டு, ஒரு மாதம் தனியாகப் பாத்ரூம் போகவில்லை. அதற்கு நானும் பொறுப்பு. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்கிற யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்ததை மனதார வரவேற்கிறேன். வயதைச் சொல்லுங்கள், பெரிதாகவே போடுங்கள். வயதையும் சொல்லிவிட்டு வெட்டவும் செய்வதுதான் எனக்கு ஆகவில்லை. வெட்டு பிடிக்காத இயக்குநர் முறையிடத் தனியாக ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதையும் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். ரிலீஸ் தேதி குறித்துவிட்ட சின்னப் படக்காரர் எங்கே போவார்?

1951-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி'க்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள், காரணம் அதில் வந்த ஆவிக் காட்சிகள். தமிழில் 'ஏ' வாங்கிய முதல் படம் அதுதான். அதன் பிறகு காசும் குறுக்கே வந்தது. 2011-லிருந்து, தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயர் மட்டும் போதாது, எல்லோரும் பார்க்கலாம் என்கிற 'யு' சான்றிதழும் வேண்டும் என்றார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை அதுதான் நடைமுறை. 'ஏ' என்றால் வரிவிலக்கும் இல்லை, டிவி உரிமைக்கும் சிக்கல். அந்த வருடங்களில் நம் பேய்கள் திடீரென்று காமெடி பண்ண ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

டிவிக்குப் பயமுறுத்தத் தெரியாது என்று சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொடர் வந்த நாட்களில், தெருவில் மாட்டுவண்டி போனாலே குதிரைக் குளம்பு மாதிரி கேட்கும் எனக்கு. அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

இந்த ஏழு வருடத்தில் டிடிஎச் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம் 'யாவரும் நலம்' படம். ஒரு வீட்டு டிவியில் தினம் வரும் குடும்ப சீரியலில், அந்த வீட்டில் நடப்பதெல்லாம் அப்படியே வரும் கதை. ஓடிடியில் நிம்மதியாக இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அதையே சேனலில் போட்டார்கள். முக்கியமான இடத்தில் விளம்பர இடைவேளை. வந்தது சோப்பு விளம்பரம் அல்ல, அந்தச் சேனலின் குடும்ப சீரியல் முன்னோட்டம். கூடத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சிரிக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், யாரும் பேசவில்லை. அம்மா எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். அந்தப் பயத்தை எந்த ஓடிடியும் எனக்குத் தந்ததில்லை. சேனலில் ஓடும்போதே பார்த்தால் தள்ளி ஓட்ட முடியாது, வீடே சேர்ந்து பார்க்கிறது என்பதெல்லாம் பேய்ப்படத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்று அன்றுதான் தெரிந்தது.

டிவி சரியாகி வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே முகம் கழுவும் படத்தை மறுபடி போட்டார்கள். புது பேக்லைட்டில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அதே வெட்டு. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், அலறினாள். "அந்தப் பொண்ணு எதுக்குடா இப்படிக் கத்துறா?" என்று அம்மா கேட்டார்.

நண்பனுக்கு அப்போதே மெசேஜ் அனுப்பினேன்: பேய்ப்படத்துக்காக என்றால் டிடிஎச் வேண்டாம், எடுத்துவிடு. அப்புறம் போனில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது தடவை அவள் குனிந்தபோது அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.