வீட்டுக்கே வரும் டிரெய்னர்: என் அனுபவமும் சில புகார்களும்

இப்போது வருகிற டிரெய்னரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே அவரைப் பற்றிக் குறையும் எழுதப்போகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவள் நான். ரத்த அழுத்தத்துக்கு தினமும் மாத்திரை உண்டு. படி இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கும். ஜிம்முக்குப் போய் இளவட்டங்களுக்கு நடுவே கண்ணாடி முன்னால் நிற்க இஷ்டமில்லை. ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளினால் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கிறது, அது போதும் என்று வீட்டுக்கு வருகிறவரைத் தேடினேன். இவரைப் பிடிப்பதற்குள் வேறு சிலரையும் பார்த்தாயிற்று.

முதலில் வந்தவர் நல்ல கட்டுமஸ்தான ஆள். உட்கார்ந்ததுமே போனை எடுத்து, தன்னிடம் பயிற்சி பெற்றவர்களின் பழைய தொப்பையையும் புதிய வயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொன்னதற்கு, "பண்ணப் பண்ண சரியாயிடும் மேடம்" என்றார். அப்புறம் நேராக ஜம்பிங் ஜாக், பர்பி என்று குதிக்கிற பயிற்சிகள். வியர்வை கொட்டினால்தான் கொழுப்பு கரையுமாம். வியர்வை உடம்பின் சூட்டைத் தணிக்க வருவது, கொழுப்புக்கு அதோடு சம்பந்தமில்லை. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். புதிதாகப் பயிற்சி செய்தால் தசை வலிப்பது வழக்கம்தான், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போய் இறங்கும். ஆனால் வலியை வைத்துப் பயிற்சியின் தரத்தை அளப்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அளவுக்கு மீறிப் போய், தசை வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அது தசைச் சிதைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது.

இன்னொருவர் பேசியதில் பாதி நேரம் புரோட்டீன் பவுடர். மீதி நேரம், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி. ரத்த அழுத்தத்துக்கு டயட் சார்ட் எழுதித் தருகிறேன் என்றதோடு என் பொறுமை முடிந்தது. நோய்க்கு உணவு சொல்வது டயட்டீஷியன் வேலை, டிரெய்னர் வேலை இல்லை.

சரி, இப்போதைய மாஸ்டருக்கு வருகிறேன். முதல் நாள் அவர் ஒரு பயிற்சியும் சொல்லித்தரவில்லை. பார்-க்யூ என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, அதைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். நெஞ்சுவலி வந்திருக்கிறதா, தலைசுற்றல் உண்டா, மூட்டுப் பிரச்சினை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள். என் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்று தெரிந்ததும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த வகை மாத்திரை இதயத் துடிப்பைக் குறைத்தே வைக்கும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அவர் பார்ப்பது என் பேச்சை. முழு வாக்கியம் பேச முடிகிறதென்றால் மிதமான வேகம், நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமை. அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் அவருடைய மீட்டர்.

பிறகு சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். எண்ணியதை ஒரு நோட்டில் எழுதினார். அந்த நோட்டுக்காகத்தான் நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் தப்பில்லை. ஒவ்வொரு முறையும் என்ன செய்தேன், எத்தனை ரெப் (அதாவது எத்தனை தடவை), எவ்வளவு கனம், முழங்கால் எப்படி இருந்தது என்று எல்லாம் அதில் ஏறுகிறது. முன்பு வந்தவர்கள் எல்லாரும் மனதுக்குத் தோன்றியதைச் செய்ய வைத்தார்கள். போன வாரம் தூக்கியது என்னவென்று அவர்களுக்கே நினைவில்லை.

வீட்டுப் பயிற்சியில் இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பது டம்பெல் வாங்கியபோது புரிந்தது. கனத்தை ஒரு தடவைக்கு 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம் என்பது ஏ.சி.எஸ்.எம். எனப்படும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை. ஜிம்மில் அதற்குத் தகுந்த தட்டுகள் இருக்கும். வீட்டில் என்னிடம் இருப்பது 2 கிலோ ஜோடி, 3 கிலோ ஜோடி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் 50 சதவீதம் ஏற்றம், தோள் என்னத்துக்கு ஆகும்? இவர் 2 கிலோவிலேயே ரெப்பைக் கூட்டினார். பிறகு இறக்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறக்கச் சொன்னார். அதுவும் சுலபமான பிறகுதான் 3 கிலோ, அதுவும் பாதி ரெப்போடு.

இழுக்கும் பயிற்சியையும் இவர் விடவில்லை. ஸ்குவாட், புஷ்-அப், பிளாங்க் என்றால் எந்தச் சாமானும் வேண்டாம், அதனால் வீட்டுக்கு வருகிற பலர் அதையே மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருக்கிற முதுகுக்கு வேண்டியது இழுப்பது. இவர் கதவில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்கிற ரப்பர் பட்டையை மாட்டித் துடுப்புப் போடுவதுபோல் இழுக்க வைக்கிறார். மாட்டுவதற்கு முன் பேண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். குனிந்து தூக்கப் பழக்கியதற்கு அவர் பயன்படுத்தியது விளக்குமாற்றுக் கட்டை. தலையின் பின்பக்கம், மேல்முதுகு, இடுப்பெலும்பின் அடி, மூன்றிலும் கட்டை ஒட்டியிருக்கும்படி குனிய வேண்டும். முதுகு வளைந்தால் ஓர் இடம் விட்டுப்போகும், எனக்கே தெரிந்துவிடும். தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லிக்கொண்டே இருப்பார். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால் என் விஷயத்தில் இதில் மட்டும் அவர் கறார். முதுகை நிமிர்த்திக் காட்ட வேண்டுமென்றால் "தொடலாமா அக்கா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். வீட்டுக்குள் வருகிற ஆள் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

சான்றிதழைப் பற்றியும் கேட்பீர்கள். ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ., ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். ஆகியவை டிரெய்னர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்புகள், பல நாடுகளில் தெரிந்த பெயர்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவிப் பயிற்சியும் வேண்டும் என்று இவை கேட்கின்றன. அந்த சி.பி.ஆர். அட்டை காலாவதியாகிவிட்டதா என்று தயங்காமல் பாருங்கள். காகிதம் இருப்பவரெல்லாம் நன்றாகச் சொல்லித்தருவார் என்று நான் நம்பவில்லை, ஆனால் காகிதமே இல்லாதவரைக் கதவைத் திறந்து உள்ளே விட எனக்குத் துணிச்சலில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். தினமும் வரச் சொல்லலாமே என்று கேட்ட தங்கைக்கும் இதையே சொன்னேன்: 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் தசைப் பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள்தான். அதோடு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான நடை போன்றது வேண்டும், நடப்பதற்கு நான் ஏன் ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டும்? வீடியோ அழைப்பில் சொல்லித்தருகிறவர்களும் உண்டு. ஃபார்ம், அதாவது உடம்பை வைத்துக்கொள்ளும் முறை, ஏற்கெனவே பழகியவர்களுக்கு அது சரிப்படும். என் முழங்கால் உள்ளே சாய்வது முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும், முதுகு வளைவது பக்கவாட்டில் தெரியும், ஒரே கேமராவில் இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

புகார்களுக்கு வருகிறேன். அன்றைக்கே நான் ரத்து செய்தால் அந்த வகுப்பு போனது போனதுதான், அவர் ரத்து செய்தால் வேறொரு நாள் வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். ஆனால் நேரத்துக்கு வரமாட்டார். பத்து நிமிடத் தாமதத்தைத் தாமதமாகவே அவர் நினைப்பதில்லை. ஒற்றைக்காலில் நிற்கிற சமநிலைப் பயிற்சி வேண்டுமென்று நான் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தார். ஒரு செட் (ஒரு சுற்று ரெப்) முடித்து அடுத்ததற்கு முன் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது போனைப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, ஒரு தடவை எண்ணிக்கையே விட்டுப்போய் நான் இரண்டு ரெப் கூடுதலாகச் செய்தேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போனை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தால் மீதியையும் கொடுப்பேன், இதை அவரிடமே சொல்லியாகிவிட்டது.