சிதைந்த சின்னம்: அடுக்குவதா, கட்டுவதா, நகலெடுப்பதா?

உதிர்ந்த கற்களையே பழைய இடத்தில் திரும்ப அடுக்கலாம். இல்லாமல் போனதைப் புதிதாகக் கட்டலாம். மூலத்தைப் பூட்டிவிட்டு அருகே நகல் வைக்கலாம். பார்க்க வருபவர் மூன்றையுமே அசல் என்று நம்பிவிடக்கூடும். சிக்கல் அங்கேதான்.

அடுக்குவது நேர்மையான வழி, ஆனால் கடினம். அகழ்ந்தெடுத்த சிதிலங்களில், நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறியான 1964-இன் வெனிஸ் சாசனம் இதை மட்டுமே ஏற்கிறது. ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலில் பண்டைய கொத்தர்கள், கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். ஈரம் இரும்பை எட்டவில்லை. 1898 முதல் 1933 வரை நடந்த சீரமைப்பிலோ ஈயமில்லாத இரும்பைப் பதித்தார்கள். துருப்பிடித்து இரும்பு பருக்க, பளிங்கு உள்ளிருந்தே பிளந்தது. போதாக்குறைக்குப் பல கற்கள் இடம் மாறியும் வைக்கப்பட்டிருந்தன. பிற்காலச் சீரமைப்பில் அந்தக் கற்களைக் கழற்றி, துருப்பிடிக்காத டைட்டானியத்தால் பிணைக்கிறார்கள். குறையும் துண்டுக்கு மட்டும், கோயிலைக் கட்டிய அதே பெண்டெலி மலைப் பளிங்கைச் செதுக்கி ஒட்டுகிறார்கள். புதுத் துண்டின் வெண்மை தனித்துத் தெரிகிறது. தெரியத்தான் வேண்டும்.

மறுகட்டுமானத்தில் ஆதாரமே உயிர். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் தரைமட்டமான போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரம், போருக்கு முன் எடுத்த அளவுப் படங்களையும் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் கொண்டு எழுப்பப்பட்டது. 1980-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஜார்ஜியாவின் பக்ராத்தி பேராலயமோ, பெரிய அளவிலான மறுகட்டுமானத்தால் மூலத்தன்மை போய்விட்டதென்று 2017-இல் அதே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கிரீட் தீவின் பண்டைய நோசஸ் அரண்மனையில், அதை அகழ்ந்த தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பிய பகுதிகள் இன்னொரு பாடம்: அவற்றில் பல வெறும் ஊகம், ஆனால் அகற்றப் போனால் அடியிலுள்ள பழைய சுவரும் சிதையும். கழற்ற முடியாத எதையும் ஊகத்தின் பேரில் கட்டக் கூடாது.

குகை ஓவியங்களுக்கு நகலே சரி. 1948-இல் திறந்த பிரான்சின் லாஸ்கோ குகையில், பார்வையாளர்களின் மூச்சுக் காற்றும் ஈரமும் விளக்கொளியும் சேர்ந்து சுவரில் பாசியையும் வெண்படிவத்தையும் வளர்த்தன; 1963-இல் மூடினார்கள். 1983-இல் அருகே திறந்த நகலில் இரண்டு பகுதிகளே இருந்தன. 2016-இல் வந்தது ஏறக்குறைய முழுக் குகை. நகல் என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கட்டிடத்துக்கு இன்னும் ஒன்று தேவை: பழையது முடிந்து புதியது தொடங்கும் இடத்தில் சுவரிலேயே ஒரு கோடு.