தலைக்காவிரிக்கு கைடு வச்சுக்கிட்டு போனோம், கொடுத்த காசு வீண் போகல

குடகு பேக்கேஜ் டூர்ல காவேரி பிறக்குற தலைக்காவிரிய வியூ பாயிண்ட் கணக்கா காட்டிட்டு வேன்ல ஏத்திடுறாங்கன்னு கேள்விப்பட்டு, நாங்க மடிக்கேரிலயே ஒரு லோக்கல் கைட பேசி தனியா கார்ல போனோம். அவரு தமிழ் நல்லாவே பேசுறாரு, நடுநடுவுல கன்னடம் வரும், ஆனா புரியும்.

அவரப் பத்தி முதல்ல சொல்ல வேண்டியது, கதைய அந்தந்த இடத்துல நிறுத்தி வச்சு சொல்றாரு. நமக்கெல்லாம் தெரிஞ்சது பிள்ளையார் காக்கா ரூபத்துல வந்து அகத்தியர் கமண்டலத்த தட்டிவிட்ட கதைதானே, சீர்காழில இந்திரனோட நந்தவனம் காஞ்சு போச்சுன்னு ஆரம்பிக்குமே அது. அங்க உள்ளவங்க சொல்றது வேற. கவேர முனிவருக்கு பிரம்மா குடுத்த பொண்ணு லோபாமுத்திரை, அவங்கதான் காவேரி, அவங்கள அகத்தியர் கட்டிக்கும்போது என்னைய தனியா விட்டுட்டு போகக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டாங்களாம், ஒரு நாள் அவரு சிஷ்யங்கள காவல் வச்சுட்டு குளிக்கப் போக, அவங்க ஆறா மாறி கிளம்பிட்டாங்க, சிஷ்யங்க தடுக்கப் பாத்ததும் பூமிக்குள்ள மறைஞ்சு பாகமண்டலத்துல போய் வெளிய வந்தாங்களாம். இத, காவேரி ஊறுற குண்டிகை பக்கத்துல நின்னு கேக்கணுங்க. ஏன்னா சின்ன குழி மாதிரி இருக்குற அந்த குண்டிகைலேர்ந்து ஆறு எதுவும் ஓடுறது சாதாரண நாள்ல கண்ணுக்கே தெரியாது, 8 கிலோமீட்டர் கீழ பாகமண்டலத்துலதான் ஆறா பாக்குறோம், கதையும் அதத்தான் சொல்லுது. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

வாக்கு மீறினா நிக்க மாட்டேன்னு சொல்லிட்டு போன ஒரு பொண்ணா காவேரிய நான் அதுவரைக்கும் நினைச்சுப் பாத்ததே இல்ல. நம்ம பக்கத்து கதைல அவங்களுக்கு பேச்சே கிடையாது.

கார்ல வரும்போது இன்னொன்னு சொன்னாரு, குடகுல உள்ள கொடவ சமூகத்துப் பொம்பளைங்க சேலைக் கொசுவத்த பின்னாடி வச்சுக் கட்டுறதுக்கு காரணம் பலமுரிங்கிற ஊர்ல காவேரி வந்த வேகத்துல கொசுவம் பின்னாடி தள்ளிப் போனதுதானாம். அவங்களுக்கு காவேரி குலதெய்வம், தீர்த்தத்த வீட்டுல வச்சிருந்து உயிர் போற நேரத்துல வாயில விடுவாங்களாம்.

குறைன்னா, பாகமண்டலத்துல அவசரப்படுத்துறாரு. பகண்டேஸ்வரர் கோயில் கேரளா பாணி கூரையோட அவ்ளோ அழகா இருக்கு, காவேரி, கன்னிகே, கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதி மூணும் சேர்ற சங்கமம் வேற, அங்க இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருக்கலாம். அப்புறம் நம்ம பக்கத்து சேதி அவருக்கு அவ்வளவா தெரியல. மணிமேகலைப் பதிகத்துலயே அகத்தியர் கரகம் கவிழ்ந்து காவிரி வந்தது இருக்கு, குடகுல ஐப்பசி பிறப்ப துலா சங்கிரமணம்னு கொண்டாடுறாங்க, அதே ஐப்பசி மாசம் முழுக்க மயிலாடுதுறை துலாக்கட்டத்துல நாங்க முழுக்கு போடுறோம்னு எங்க அப்பா சொல்ல, மனுஷன் அப்படியே நின்னு கேட்டாரு, அது ரொம்ப பிடிச்சிருந்தது.

போறவங்க கவனிக்க: அக்டோபர் 17 வாக்குல, குண்டிகைல தண்ணி பொங்குற தீர்த்தோத்பவம் பாக்க கூட்டம் அள்ளும், நேரம் பஞ்சாங்கப்படி வருஷா வருஷம் மாறும், ராத்திரியாவும் இருக்கலாம். அன்னைக்கு கைடு கூட இருந்தாலும் நின்னு கதை கேக்க முடியாது, அதனால கதைக்காக போறவங்க வேற நாள் பாத்துக்கோங்க. நல்ல மழைல மட்டும் வேண்டாம், 2020 ஆகஸ்ட்ல பிரம்மகிரி மலைல மண்சரிஞ்சு உயிர் போயிருக்கு. முதல்ல தலைக்காவிரி, அப்புறம் பாகமண்டலம்னு மேலேர்ந்து கீழ வர்ற மாதிரி கேட்டு வாங்குங்க, அப்பதான் கதை வரிசையா வரும். 5க்கு 4 குடுப்பேன்.