பழைய சமையலறை அலமாரிக்கு எந்தப் பெயிண்ட்: எண்ணெய் எனாமலா, தண்ணீர் எனாமலா, பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டா?

முதலில் சிங்க்குக்குக் கீழுள்ள கதவைப் பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஊறி உப்பியிருந்தால் எந்தப் பெயிண்டும் அதைக் காப்பாற்றாது. அந்த ஒரு கதவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதற்குச் செலவு செய்யுங்கள்.

எண்ணெய் எனாமல் மூன்றிலும் மலிவு. பிரஷ் தடம் தானாகவே படிந்து சமமாகிவிடும். ஆனால் ஒவ்வொரு கோட்டும் ஓர் இரவு காய வேண்டும்; மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் மேலே ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று, சுருக்கம் விழும். வெள்ளை நிறம் மஞ்சளாகிவிடும், அதுவும் வெளிச்சம் படாத உட்பக்கம்தான் முதலில். காப்பிப் பொடி நிறம் போன்ற அடர் நிறங்களுக்கு மட்டும் இதை எடுக்கலாம்.

தண்ணீர் எனாமல் விலை சற்றுக் கூடுதல். அது மஞ்சளாகாது, வாடையும் குறைவு, சுமார் 4 மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: தொட்டால் காய்ந்தது போலிருக்கும், முழுதாக இறுக 2 முதல் 3 வாரம் ஆகும். அதற்குள் கதவை இறுக்கி மூடினால் சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது உரிந்து வரும். மூலையில் சிறு ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் வேண்டாம், மஞ்சள்தூள் கறை ஏறிவிடும். சாட்டின் (லேசான பளபளப்பு) அல்லது கிளாஸ் (முழுப் பளபளப்பு) வாங்குங்கள்.

பியூ உறுதியில் முதலிடம். ஆனால் இரண்டு டப்பாவைக் கலந்த சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், ஸ்பிரே கன் வேண்டும், அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. கதவுகளைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால்தான் சரிப்படும். அந்தக் கூலியில் சிக்கனம் போய்விடும்.

எதைத் தேர்ந்தாலும் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயிண்ட் அல்ல, அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. சலவை சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு 180 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். சன்மைக்கா என்றால் பளபளப்பு முழுதும் மங்க வேண்டும். அதன்மேல் சாதாரண மர பிரைமர் பிடிக்காது, வழுவழுப்பான பரப்புக்கென்றே விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். பள்ளங்களுக்கு மரப்பட்டிதான், சுவருக்குப் போடும் சிமெண்ட் பட்டி கதவு அதிரும்போது விண்டுவிடும். கோட்டுகளுக்கு இடையே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் மேலே இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

2 அடிக்கு ஒன்றரை அடி அளவில் 12 கதவுகள் என்றால் இரு பக்கமும் சேர்த்து 72 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர், பிரைமர் 1 லிட்டர் போதும். முதலில் ஒரு கதவின் உட்பக்கத்தில் பிரைமர் அடித்து, மறுநாள் பிளேடால் கட்டம் கீறி, செல்லோ டேப் ஒட்டிப் பிடுங்கிப் பாருங்கள். பிரைமர் டேப்போடு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.